பொது யாபேஸ்

தந்தி வந்த நேரத்தில் ரத்னம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். குடிபாலா தபாலாபீசிலிருந்து சைக்கிளில் வந்தவன் முன்சீப் வேதாச்சலத்தின் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணிகூடக் கேட்காமல் திரும்பிப் போனான். தந்தி கொண்டுவருகிறவன் எந்த ஊரிலும் நின்று பேசமாட்டான். பேசினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

முன்சீப் அதை ரெண்டு தரம் மனசுக்குள்ளேயே படித்தார். அப்புறம் வேப்பமரத்தடியில் கூடிவிட்ட ஜனங்களைப் பார்த்துச் சொன்னார்.

"யாபேஸ் ஆபத்தா கீறான். உடனே பொறப்பட்டு வரவும். திருப்பதி ஆஸ்பத்திரி. இவ்ளோதான் எழுதிக் கீது."

"எந்த யாபேஸு?"

"அதை எழுதலையே."

தவிட்டுக் கையோடு ஓடிவந்த ரத்னம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரருக்கு இது சொன்னால்தான் விளங்கும். அந்த ஊரில் ஆளுக்கும் யாபேஸ், ஊருக்கும் யாபேஸ். கும்பிடுவதெல்லாம் பெருமாளும் கங்கம்மாவும்தான், கோயில் மணி அடிக்க ஆள் உண்டு, சர்ச்சு கிடையாது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் மிஷன் டாக்டரம்மா ஒருத்தி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வேலூர் ரோட்டு ஊர்களுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். மூணு நாள் வலியில் கிடந்த ஒருத்தியைத் தாயும் பிள்ளையுமாகப் பிழைக்கவைத்தவள் அவள்தான். பேரும் நீயே வையம்மா என்று காலில் விழுந்ததற்கு, யூத ஜனங்கள் காலத்தில் ஒரு தாய் வலி பொறுக்காமல் பெற்ற பிள்ளைக்கு வைத்த பேர் என்று சொல்லி, யாபேஸ் என்றாள். அந்த யாபேஸ் பெரியவனாகித் தன் எல்லையைப் பெரிசாக்கச் சொல்லிக் கடவுளைக் கேட்டானாம், கிடைத்ததாம். பேர் வைத்த பிள்ளை கல்லுக்குண்டாக நின்றது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பேர் வைப்பதில்லையா, அந்த மாதிரி. ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல் வலி கண்டு பிறக்கிற ஆண்பிள்ளை என்றால் யாபேஸ். நெற்றியில் நாமம், பேர் யாபேஸ். முதல் யாபேஸ் வீட்டைச் சுற்றி வீடுகள் பெருகின, பஸ்காரன் அந்தப் பேரைச் சொல்லியே ஆளை இறக்கிவிட்டான், சர்க்கார் காகிதத்திலும் ஏறிவிட்டது. ஓடைக்கு இந்தப் பக்கம் மேல் யாபேஸ்பேட்டை, அந்தப் பக்கம் கீழ் யாபேஸ்பேட்டை.

அப்போது உயிரோடு இருந்த யாபேஸ்கள் ஐந்து பேர். முதல் யாபேஸ் நரைத்த மீசையோடு மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார். இன்னொருத்தன் நாலாவது படிக்கிற பயல். மீதி மூணு பேரும் பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஐப்பசி மழையில், எட்டு நாளுக்குள் பிறந்தவர்கள். ரத்னம்மா மகன் சித்தூரில் வெல்ல மண்டி லாரிக்குக் கிளீனர். கீழ்ப்பேட்டைப் பச்சையம்மாள் மகன் திருப்பதியில் கட்டடத்துக்குச் சாந்து சுமக்கிறான். மூணாவது ஒருத்தன் உண்டு, அவனைப் பொது யாபேஸ் என்பார்கள். மூணு வருஷமாக அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. மரத்தடியில் நின்றவர்களில் ஒருத்தர் வாயிலும் அவன் பேர் வரவில்லை.

"லாரியில போறவன் உம் புள்ளதானே" என்று ஆரம்பித்த ஒரு கிழவரை முன்சீப் முறைத்து அடக்கினார். "ஒம்பது மணி பஸ்ஸைப் புடி ரத்னம்மா. எத்திராஜுக்கு நான் ஆள் அனுப்பறேன்."

அவள் புருஷன் எத்திராஜ் அந்த வாரம் முழுக்க சர்வேக்காரர்களோடு சங்கிலி பிடித்துக்கொண்டு கல் நட்டுக்கொண்டிருந்தான். பிறக்கிற ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலிருந்து ஓடைக்கு மேலே மெட்ராஸ், கீழே ஆந்திரா. மூணு வருஷத்துக்கு முன்னால் மேல்பேட்டை மெட்ராஸுக்கு மனு போட்டது, ஏரி மதகு கையைவிட்டுப் போய்விடும் என்று கீழ்ப்பேட்டை ஆந்திராவுக்கு மனு போட்டது. ரெண்டு பக்கமும் பேசுகிறது தமிழ், கட்டிக்கொடுத்த பெண்கள் ரெண்டு பக்கமும் இருக்கிறார்கள், அப்படியும் அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். எல்லையைப் பெரிசாக்கச் சொல்லிக் கேட்டவன் பேரில் ஒரு ஊர், அதில் எல்லைக்காக வெட்டுப்பழி குத்துப்பழி. நல்ல கூத்து.

ரத்னம்மா ரோட்டுக்கு வந்தபோது பச்சையம்மாள் அங்கே முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், ஒரே பிள்ளை. கையில் ஒரு துணிமூட்டை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தார்கள். பஸ் வந்தது. இருந்தது ஒரே சீட்டு, ரெண்டு பேர் உட்காருகிறது. உட்கார்ந்தார்கள்.

சித்தூர் வரைக்கும் பேச்சே இல்லை. ரத்னம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஊரில் இருக்கிற ரெண்டு யாபேஸும் இல்லை. அப்படியானால் என் பிள்ளை, இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் பிள்ளை. என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்றால் அது யாராக இருக்க வேண்டும்? அதை முடிக்கப் பயந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பச்சையம்மாளின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

சித்தூரில் திருப்பதி பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருந்தது. ரத்னம்மா வெல்ல மண்டிக்கு ஓடினாள். பின்னாலேயே செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது, பச்சையம்மாளும் ஓடிவந்தாள். இவள் பிள்ளை மண்டியில் பத்திரமாக இருந்தால் அங்கே தன் பிள்ளை போச்சு என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள அவளும் வரத்தானே வேண்டும்.

மண்டி குமாஸ்தா சண்முகம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தான். ஈ மொய்க்கிற வெல்ல அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"யாபேஸா? ஞாயித்துக்கெழமை லோடு ஏத்திக்கினு திருப்பதிக்குப் போனானே. நேத்தே திரும்பியிருக்கணும்."

"திரும்பலையா?"

"வரலைம்மா. ரேணிகுண்டா ரோட்டுல ஒரு லாரி கவுந்துடுச்சாம். நம்ம வண்டியா வேற வண்டியான்னு விசாரிச்சுக்கினு கீறோம்."

ரத்னம்மா அப்படியே நின்றாள். பக்கத்தில் பச்சையம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு எதற்காக வந்தது என்று ரத்னம்மாவுக்குத் தெரிந்தது, தெரிந்தது என்று பச்சையம்மாளுக்கும் தெரிந்தது. பாவி, என்று மனசுக்குள் திட்டினாள் ரத்னம்மா. அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதே மூச்சுதான் வந்திருக்கும் என்பதால் வாய்விட்டுத் திட்டவில்லை.

திருப்பதி பஸ்ஸில் முதலில் பேசியவள் பச்சையம்மாள்தான். மூணு வருஷத்துக்கு அப்புறம் பேசுகிற முதல் பேச்சு.

"கிளீனருங்க மூட்டை மேலதான் உக்காருவாங்க. கவுந்தாலும் குதிச்சுடலாம். பயப்படாத."

ஆறுதல்தான் சொன்னாள். ஆனால் ரத்னம்மாவுக்குக் காதில் விழுந்தது வேறு. உன் பிள்ளைதான், முடிவாகிவிட்டது என்று அவள் சொல்வதாகப் பட்டது. சுள்ளென்று வந்தது.

"உம் புள்ள எத்தினி மாடி சாரத்துல ஏறுறான்? கயிறு கியிறு கட்டிக்கினு ஏறுறானா, சும்மாவா?"

பச்சையம்மாளின் முகம் செத்துப்போனது. ரத்னம்மாவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் என்று இருந்தது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பஸ் பாதி தூரம் போயிற்று. வெயில் ஏறியது. எதிர் சீட்டில் ஒரு சின்னப் பெண் மொட்டை போட அழைத்துப்போகிற தன் தம்பிக்கு நிலக்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருத்தன் கீறானே" என்றாள் பச்சையம்மாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

மண்டியை விட்டு வெளியே வந்ததிலிருந்து ரத்னம்மாவுக்கும் அந்த நினைப்புதான்.

பொது யாபேஸின் தாய் கிருஷ்ணம்மா அவனைப் பெற்ற அன்றைக்கே போய்விட்டாள். தகப்பன் நாகபூஷணம் காலராவில் போனான். அந்த ஐப்பசியில் ரெண்டு பேட்டையிலும் பால் இருந்தது ரத்னம்மாவுக்கும் பச்சையம்மாளுக்கும்தான். பகலில் இவள், ராத்திரி அவள். நடுவில் ஓடையில் வெள்ளம் வந்தால் முதல் யாபேஸ் அவனைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணியில் கடந்து கொண்டுபோய்க் கொடுப்பார். பால் நின்ற பிறகும் அதே ஏற்பாடு, ஒரு மாசம் மேலே சோறு, ஒரு மாசம் கீழே. முதலில் பால் கொடுத்தவள் என்று ரத்னம்மாவைப் பெரிம்மா என்பான், வயசில் பெரியவளான பச்சையம்மாளைச் சின்னம்மா என்பான். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

மனு போட்ட வருஷம் அவனுக்குப் பதினாலு. மாசம் முடிந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தான். எத்திராஜ் வீட்டில் அன்றைக்கு நாலு பேர் உட்கார்ந்து கீழ்ப்பேட்டையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ரத்னம்மா சொன்னாள், அங்க துன்னுட்டு வந்தவனுக்கு இங்க சோறு இல்ல, அங்கியே போய் துன்னு.

"நீ தொரத்திவுட்டேன்னுதான் நானும் தொரத்துனேன்" என்றாள் பச்சையம்மாள். "ஆந்திராவுக்கு மனுப் போட்ட ஊட்டுல மேல்பேட்டை ஆளுக்கு இன்னா வேலைன்னு என் கொழுந்தன் கேட்டான். மேலயே போடான்னுட்டேன்."

"ரெண்டு நாள் ஓடையிலதான் கெடந்தானாம்."

"தெரியும். பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்" என்றாள் ரத்னம்மா.

மூணாம் நாள் அவன் இல்லை. தட்டு மட்டும் ஓடை மணலில் கிடந்தது. அதை யார் எடுத்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது.

பஸ் திரும்பியது. தூரத்தில் மலை தெரிந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் கோவிந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பச்சையம்மாள் ரத்னம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அவனாவே இருக்கட்டும் ரத்னா. அவனுக்கு அழறதுக்கு யாரு கீறாங்க."

இப்படிச் சொல்கிறவளைச் செருப்பால் அடிக்க வேண்டும். ரத்னம்மா அடிக்கவில்லை. மலையைப் பார்த்துக் கைகூப்பி, பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்கிற மாதிரியே வேண்டிக்கொண்டாள். "ஏழுமலையானே, அது அந்தப் பையனாவே இருக்கட்டும். எம்புள்ளையும் இவ புள்ளையும் நல்லா இருந்தா என் தலைமுடி உனக்கு." பச்சையம்மாளும் தன் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். அதற்கப்புறம் ரெண்டு பேரும் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒரு தடித்த நோட்டைப் புரட்டினார். தெலுங்குக்காரர், தமிழும் பேசினார்.

"யாபேஸ். ஆமாம்மா, நேத்து மத்தியானம் கொண்டாந்தாங்க. கால் நசுங்கிடுச்சு."

"லாரியா?" என்றாள் ரத்னம்மா.

"சாரத்துலேருந்து வுழுந்தானா?" என்றாள் பச்சையம்மாள்.

"அதெல்லாம் இதுல எழுதலை. நான் டூட்டிக்கு வந்தப்போ கட்டு போட்டிருந்தாங்க. நைனா பேரு, அப்பா பேரு இன்னான்னு மூணு தடவை கேட்டேன். நல்ல நெனவுலதான் இருந்தான், சொல்லமாட்டேன்னுட்டான். பேரு யாபேஸ், ஊரு யாபேஸ்பேட்டை, தந்தியில அவ்ளோ போட்டாப் போதும், வருவாங்கன்னான். கடைசிக் கட்டில், போங்க."

நீளமான வார்டு. ரெண்டு பக்கமும் இருபது இருபது கட்டில். கொஞ்ச தூரம் போனதும் கடைசிக் கட்டில் தெரிந்தது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான், கழுத்துவரை கம்பளி. பதினேழு வயசுப் பையன்கள் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒன்றுதான். ரத்னம்மா ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக்கொண்டு நடந்தாள். அவள் பிள்ளைக்குச் சுருட்டைமுடி. கட்டிலுக்கு நாலு அடி இருக்கும்போது முடி கண்ணில் பட்டது. கோரைமுடி.

அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது சந்தோஷம். அதற்கு வேறு பேர் வைக்க முடியாது. பால்குடத்தைத் தலையில் ஊற்றின மாதிரி உச்சி முதல் பாதம்வரை குளிர்ந்தது. பச்சையம்மாள் இன்னும் ரெண்டு அடி முன்னால் போய் எட்டிப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் பிள்ளையும் இல்லை.

அவன் திரும்பினான். மீசை முளைத்திருந்தது. முகம் வற்றிக் கண்ணு மட்டும் பெரிசாக இருந்தது.

"பெரிம்மா" என்றான். அப்புறம் "சின்னம்மாவுமா?" என்றான். "ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?"

"இன்னாடா ஆச்சு" என்று பச்சையம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மலையடிவாரத்துல கல்லு ஒடைக்கிற வேலை. பாறை உருண்டுடுச்சு." உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டான். அவன் பார்வை ரத்னம்மாவை விட்டு நகரவில்லை. "நைனா பேரைச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா பெரிம்மா?"

"இன்னா கேள்விடா இது" என்றாள் பச்சையம்மாள் அவசரமாக. "பெத்த புள்ளை மாதிரி வளத்துட்டு..."

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. யாபேஸ் என்று மட்டும் தந்தி போனால் பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாம் பதறி ஓடிவருவார்கள். நாகபூஷணம் மகன் யாபேஸ் என்று போனால் முன்சீப் அதை மடித்து ஜேபியில் வைத்துக்கொள்வார். கால் நசுங்கிக் கிடக்கிறவன் அதை யோசித்து, மூணு தடவை கேட்டும் தகப்பன் பேரைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். ரத்னம்மாவுக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் அவனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வந்திருக்க மாட்டோம்டா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. அவனுக்குத் தெரிந்ததைத்தான் அவள் சொன்னாள்.

டாக்டர் வந்து கம்பளியை விலக்கிப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கறுத்துவிட்டது, மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தாலும் பிழைப்பது பாதிக்குப் பாதி. எடுக்காவிட்டால் அதுவும் இல்லை. கம்பவுண்டர் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தார்.

"எந்த ஜில்லா?"

"இன்னிக்குச் சித்தூரு" என்றாள் ரத்னம்மா.

"தல்லி எவரு? அம்மா யாரும்மா?"

வெட்டிய பிறகு அவனை யார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது? இருக்கிற சோற்றுக்கு ஒரு வாய் கூடுதல், அதுவும் ஒற்றைக்காலோடு, ஆயுசு முழுக்க. செத்துப்போனால் கையெழுத்துப் போட்டவள் கொன்றவள் என்றும் ஊர் சொல்லும். பச்சையம்மாள் தரையைப் பார்த்தாள். எத்திராஜ் என்ன சொல்லுவான் என்று ரத்னம்மா யோசித்தாள். கட்டிலில் கிடந்தவன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பதினாலு வயசில் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோதும் இப்படித்தான் பார்த்தான்.

"இப்படிக் குடு" என்று ரத்னம்மா மைப்பெட்டியை வாங்கினாள். கட்டை விரலை அழுத்தித் தாளில் வைத்தாள். கம்பவுண்டர் தாளை எடுப்பதற்குள் பச்சையம்மாளும் தன் விரலை மையில் தோய்த்து, பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

"ஒருத்தனுக்கு ஒரு அம்மாதான் போடணும்மா."

"ரெண்டையும் வெச்சிக்க. ஒண்ணு கெட்டுப்போனா ஒண்ணு ஆவும்" என்றாள் பச்சையம்மாள்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் ரத்னம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தான். கதவு வரைக்கும் விடவில்லை. கதவுக்கு வெளியே ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். காலையில் இதே ரத்னம்மா பஸ்ஸில் ஒன்றை வேண்டினாள், அது அப்படியே நடந்தது. இப்போது இன்னொன்றை வேண்ட வேண்டும். எந்த முகத்தோடு வேண்டுவது? கையைக் கூப்பினாள், பிரித்தாள், மறுபடியும் கூப்பினாள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மூச்சு இருக்கிறது, மூணு நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

மூணு நாளும் ஒருத்தி மாற்றி ஒருத்தி பக்கத்தில் இருந்தார்கள். பகலில் இவள், ராத்திரி அவள். பச்சையம்மாள் மகன் விஷயம் கேள்விப்பட்டு முதல் நாள் சாயங்காலமே சிமெண்டுக் கையோடு ஓடிவந்துவிட்டான். ரத்னம்மாவின் மகன் மண்டியில் சேதி கேட்டு மூணாம் நாள் காலையில் வந்தான். ரேணிகுண்டாவில் கவிழ்ந்தது வேறு யாருடைய லாரியோ. இவனுடைய வண்டி திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குப் போன இடத்தில் அச்சு முறிந்து நின்றிருக்கிறது. சுருட்டைமுடியில் புழுதி, மேலில் ஒரு சிராய்ப்பு இல்லை. ரத்னம்மா அவன் முகம், தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரே ஐப்பசியில் பிறந்த மூணு யாபேஸும் ஒரே கட்டிலைச் சுற்றி இருந்தார்கள்.

பச்சையம்மாள் துணிமூட்டையைக் கட்டினாள்.

"வா ரத்னா, ஒரு எட்டு மலைக்குப் போய் முடியைக் குடுத்துட்டு வந்துடலாம். கேட்டது நடந்துடுச்சு. இந்தச் சாமி கடன் வெச்சா வட்டி போட்டு வாங்கிடுவாரு."

கட்டிலில் இருந்தவன் கண்ணைத் திறந்தான். நாலு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

"எனக்காவா முடி வேண்டிக்கினீங்க?"

பச்சையம்மாள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள்.

ரத்னம்மா ஜன்னலைப் பார்த்தாள். மலை அங்கேதான் இருந்தது, மேலே ஏறுகிற படிக்கட்டுகூடத் தெரிந்தது. வேண்டுதலைச் செலுத்தாமல் விட்ட குடும்பங்களின் கதை அவளுக்கு நூறு தெரியும். கை போனது, கண் போனது, பிள்ளை போனது. அவள் பிள்ளை இதோ ரெண்டு அடி தூரத்தில் நிற்கிறான். அந்த முடியைக் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கிறாள்? இவன் காலுக்காக. இவன் கால் போனதற்கு நன்றி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அவிழ்ந்திருந்த முடியைக் கையால் வாரி எடுத்து இறுக்கிக் கொண்டை போட்டாள்.

"உனக்காக இல்லடா" என்றாள். "அதனாலதான் நான் குடுக்க மாட்டேன்."

"ரத்னா, வேணாம்" என்றாள் பச்சையம்மாள். "ஊட்டுல புள்ள கீது."

"தெரியும். கடன் எம்பேர்ல இருக்கட்டும். கேக்கறதா இருந்தா அவரு எங்கிட்டயே கேக்கட்டும்."

கட்டிலில் கிடந்தவன் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் புத்திசாலி, எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கமிருந்தே, "பசிக்குது பெரிம்மா" என்றான்.

ரத்னம்மா தூக்குப்போணியை எடுத்துத் தன் மகன் கையில் கொடுத்தாள்.

"போய்க் கஞ்சி வாங்கிக்கினு வா."

"யாருக்கும்மா?"

"உந்தம்பிக்கு. சீக்கிரம் போ, ஆறிடப் போவுது."